ரெண்டு நொடி ஓரம்

மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தச் சின்ன அறைக்குச் 'சமாதி' என்று பேர் வைத்தவன் கொழுந்தன்தான். முடிந்துபோன வேலையெல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ப் படுக்கும் என்று வைத்த பேர். நல்லா இருந்த காலத்தில் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். "பல் டாக்டர் விளம்பரம் எங்க?" என்றால் "சமாதிக்குப் போயிருச்சு" என்று பதில் வரும். எட்டு மாதமாக அந்தப் பேரை யாரும் வாயில் எடுப்பதில்லை. கீழ் ரூம் என்கிறார்கள். சொல்ல வந்து நாக்கைக் கடித்துக்கொள்வதும் உண்டு.

பெரியவளுக்கு அந்த அறைதான் உத்தியோகம். கீழ்த்தளத்தில் ஸ்டுடியோ, மேலே வீடு. மூத்தவர் கேமரா; அவருக்குப் பெண்டாட்டி இவள். இளையவன் வெளிவேலை பிடிப்பது, ஆட்களைக் கட்டி மேய்ப்பது. அவன் பெண்டாட்டி சின்னவள் எடிட்டர். கல்யாணம், பள்ளிக்கூட விழா, தொழிற்சாலைப் படம், ஆஸ்பத்திரி விளம்பரம் என்று எது வந்தாலும் மூத்தவர் எடுப்பார், சின்னவள் வெட்டி ஒட்டுவாள், கடைசியில் பெரியவள் முடித்துவைப்பாள்.

முடித்துவைப்பது என்றால் மூன்று காரியம். ஒட்டி முடித்த படத்தை ஒரே கோப்பாக வெளியே எடுப்பது எக்ஸ்போர்ட். அதில் பயன்பட்ட துண்டுகளை மட்டும் பொறுக்கி, தனி டிஸ்கில் போட்டு, நம்பர் ஒட்டி அலமாரியில் ஏற்றுவது ஆர்க்கைவ். மிச்சத்தையெல்லாம் சர்வரிலிருந்து துடைத்து எறிவது டெலீட். படம் கைமாறி முப்பது நாள் ஆனதும் மூன்றையும் அவள் செய்துவிடுவாள். ஒரு நாள் முந்தமாட்டாள், ஒரு நாள் பிந்தமாட்டாள். "அண்ணிதான் நம்ம சித்திரகுப்தன். நாள் முடிஞ்சா பேரக் கிழிச்சிரும்" என்று அப்போதெல்லாம் சொல்வான் கொழுந்தன்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் துணிக்கடையில் தையல்காரி. முதல் தடவை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது, ஆர்க்கைவ் பண்ணும் இடத்தில் அது ஒரு கேள்வி கேட்டது. பயன்பட்ட துண்டுக்கு இரண்டு பக்கமும் எத்தனை நொடி விட்டுவைக்கட்டும் என்று. சின்னவள் "சைபர் போடுங்கக்கா, இடம் வீணாப் போகும்" என்றாள். பெரியவள் கேட்கவில்லை.

"துணிய ஒட்ட வெட்டுனா நாளைக்குப் பிரிச்சுத் தைக்க என்னத்தப் புடிப்ப? தையலுக்கு விடணும்."

"இது துணி இல்லக்கா."

"வெட்டுறேல்ல? அப்போ துணிதான்."

இரண்டு நொடி என்று போட்டாள். வீட்டில் அதற்கு 'ஓரம்' என்று பேராயிற்று. பதினோரு வருஷமாக, நானூற்றுச் சொச்சம் படத்துக்கும், ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் இரண்டு நொடி ஓரம். டிஸ்க் வாங்கும்போதெல்லாம் கொழுந்தன் முனகுவான். "அண்ணி விடுற ஓரத்துல ஒரு வீடு கட்டலாம்."

அன்றைக்கு வெயில் காலையிலேயே தலைக்கேறிவிட்டது. கீழ் அறையின் ஏசி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பெரியவள் மேலே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போது கொழுந்தன் படியேறி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணி, சர்வர்ல இடம் இல்லைங்குது."

"எப்படி இல்லாமப் போகும்? போன வாரம்தான் பாதிய காலி பண்ணேன்."

"அது எனக்கென்ன தெரியும்? ரெண்டு நாளா மில்லுல எடுத்தது, கேமராவோட நாலு கார்டும் ரொம்பி நிக்குது. இறக்கிட்டுத்தான் நாளைக்குக் காலைல அதே கார்ட எடுத்துட்டுப் போகணும். சாயந்தரத்துக்குள்ள எதையாவது துடைச்சு விடுங்க."

"எதையாவது துடைக்க நான் என்ன தரை துடைக்கிறவளா? நாள் முடிஞ்சதத்தான் துடைப்பேன்."

"அப்போ நாள் முடிஞ்சதப் பாத்துத் துடைங்க. முட்டையாவது இருக்கா, ரொட்டியோட குடுங்க, போறேன்."

நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனான். அண்ணன் போனதிலிருந்து கேமராவையும் அவன்தான் தூக்குகிறான். வராத வேலை. அவன் எடுத்தது அலை மேல் தோணி மாதிரி ஆடும். சின்னவள் அதை உட்கார்ந்து நிமிர்த்துவாள்.

அடுப்பை அணைத்துவிட்டுப் பெரியவள் கீழே இறங்கினாள். சின்னவள் ஸ்டுடியோவில் இல்லை; முடிந்த படம் ஒன்றைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். அவள் நாற்காலி மட்டும் இருந்தது. சாய்ந்தால் சாயும், சுழற்றினால் சுழலும் நாற்காலி. மூத்தவர்தான் தேடிப் பிடித்து வாங்கிப் போட்டார். "நாள் பூரா உக்கார்ற புள்ள, முதுகு போயிரும்." கீழ் அறையில் பெரியவளுக்கு இருந்தது சமையலறையிலிருந்து இறக்கிய முக்காலி. அவள் முதுகைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. கேட்டால், "நீ என்ன, அரை மணி நேரம் உக்காருற" என்றிருப்பார்.

நாற்காலி ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆனால் புண் இருக்கிற இடத்தில்தான் ஈ வந்து உட்காரும். ஷூட்டிங் முடிந்து அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் போவது சின்னவள் அறைக்குத்தான். கார்டைக் கொடுக்க வேண்டுமே. கொடுத்துவிட்டு வாசலில் சாய்ந்து நின்று பத்து நிமிஷம் பேசுவார். சிரிப்புச் சத்தம் படி வழியாக மேலே வரும். அப்புறம் படியேறி வருவார். ஒவ்வொரு படியாகப் பேச்சு உதிர்ந்துகொண்டே வரும்போல. மேலே வந்து சேர்கிறபோது ஆள் மட்டும்தான் வந்து சேருவார். தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார். உப்பு குறைந்தாலும் சொல்லமாட்டார், கூடினாலும் சொல்லமாட்டார். பகலில் போனில் கூப்பிட்டாலும் ஒரே வாக்கியம்தான். "இந்தா, நான் வர நேரமாகும்." இவள் "தெரியும், வை" என்பாள். பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் இரண்டு பேருக்கும் மனப்பாடமாகிப்போன பாட்டு அது.

எட்டு மாதத்துக்கு முன்னால் மண்டபம் ஒன்றில், நடுமதியத்தில், கேமராப் பெட்டி மேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போட்டோ வைக்கத் தேடியபோதுதான் தெரிந்தது, ஊரையெல்லாம் படம் பிடித்தவருக்கு ஒரு நல்ல படம் இல்லை. போனிலும் குரல் இல்லை. 'சரி', 'வரேன்' என்று எழுத்துகள்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கிளம்பிப்போன பிறகு ஒரு நாள் பெரியவள், கூச்சத்தை விழுங்கிக்கொண்டு சின்னவளிடம் கேட்டாள். "நீ வெட்டி ஒட்டுனதுல எங்கியாவது அவர் பேசுனது கிடக்குமா? கேமராக்குப் பின்னாடி ஏதாவது..."

சின்னவள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "எதுவும் இல்லக்கா."

அதோடு விட்டுவிட்டாள்.

இப்போது முக்காலியில் உட்கார்ந்து சர்வரைத் திறந்து பார்த்தாள். அலமாரியில் தூங்க வேண்டிய பழைய படங்கள் அறுபது எழுபது, சர்வருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தன. ஆர்க்கைவிலிருந்து யாரோ இறக்கியிருக்கிறார்கள். அலமாரியைப் போய்ப் பார்த்தாள். டிஸ்குகள் எல்லாம் இருந்தன, ஆனால் நம்பர் முன்னும் பின்னுமாக. அவள் அடுக்கினது அப்படியிருக்காது. டிஸ்கை எடுத்தால் எழுத வேண்டிய நோட்டில் ஒரு வரி கிடையாது.

சர்வரில் எல்லாவற்றுக்கும் நடுவில், சின்னவள் பேரில், ஒரு புது புராஜெக்ட். 'மிச்சம்' என்று தலைப்பு.

வாடிக்கையாளர் பேர் இல்லை. கொடுக்க வேண்டிய தேதி இல்லை. திறந்தாள். டைம்லைனில் சின்னச் சின்னத் துண்டுகள், ஒன்றை ஒன்று ஒட்டி, எறும்புச் சாரை மாதிரி. ஹெட்போனை மாட்டி ஓடவிட்டாள்.

"எடிட்டரம்மா, இந்த மாப்பிள்ள சி..."

பெரியவளின் கை காதுக்குப் போயிற்று.

"...ங்க, அசையாதீங்க, அப்படியே."

"இத வெட்டிரும்மா, கிழவர் கொட்டா..."

"எடிட்டரம்மா, மன்னிச்சுக்க, கால் தடு..."

"ஏம்மா, இந்த மூணாவது வரிசையில நம்ம பா..."

அவர்தான். தொண்டையைச் செருமுவது, மூச்சை விடுவது, பாதி வார்த்தையில் சிரிப்பது. அதுவும் எப்படிப்பட்ட சிரிப்பு! அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி. இந்த வாய் எங்கே இருந்தது பதினெட்டு வருஷமாக? படிக்கட்டுக்குக் கீழேயே வைத்துவிட்டு வந்தாரா? எடிட்டரம்மா, எடிட்டரம்மா என்று துண்டுக்குத் துண்டு. கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, ஊரார் கல்யாணத்துக்கு நடுவில் நின்று, பக்கத்தில் இல்லாத இன்னொருத்தியிடம் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவளும் மறுநாள் முழுக்க அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

தப்பாக ஒரு சொல் இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. தப்பாக இருந்தால் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழலாம். இதற்கு யாரிடம் போய் என்ன சொல்லுவது? என் புருஷன் அவளிடம் நல்லாப் பேசினார் என்றா?

வாசலில் செருப்புச் சத்தம். சின்னவள் வெயிலில் சிவந்துபோய் உள்ளே வந்தாள். கீழ் அறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்து எட்டிப் பார்த்தவள், திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"அக்கா..."

"எதுவும் இல்லைன்னியே."

சின்னவள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வாயத் தொறந்து கேட்டேன்டி உங்கிட்ட. பிச்சக்காரி மாதிரி கேட்டேன். எதுவும் இல்லைன்னுட்டு, இங்க உக்காந்து தனியாக் கேட்டுட்டு இருந்திருக்க."

"அப்போ இல்லதான்க்கா."

"அப்புறம் எங்கேருந்து மொளச்சுது? மழை பேஞ்சுதா?"

"அக்கா, கோவத்துல இருக்கீங்க. மேல போயி தண்ணி குடிச்சிட்டு..."

"தண்ணி நான் குடிச்சுக்கறேன். அது எம்புருஷன் குரல். உன் பேர்ல எதுக்கு இருக்கு? எந்தக் கணக்குல சேர்த்த?"

அந்தக் கடைசிச் சொல்தான் தைத்திருக்க வேண்டும். சின்னவளுக்கும் முகம் மாறியது. கைப்பையைக் கீழே வைத்தாள்.

"எந்தக் கணக்குலயும் சேர்க்கல. பொறுக்கினேன். நீங்க கொட்டினத பொறுக்கினேன். பதினோரு வருசமா மாமா பேசினது அத்தனையும் முப்பதாம் நாள் முப்பதாம் நாள் யாரு துடைச்சது? நானா? நான் ஒரு தடவை கெஞ்சினேன், ஞாபகம் இருக்கா? அந்த மழைல எடுத்த கல்யாணம். 'அக்கா, மாமா அதுல செமயா பேசியிருக்காரு, ரெண்டு நாள் கழிச்சு அழிங்க'ன்னேன். 'சட்டம்னா சட்டம்'னு அன்னைக்கே அழிச்சீங்க."

அழித்தாள்தான். அந்த நாளும் ஞாபகம் இருந்தது. அவள் சொன்ன 'செமயா பேசியிருக்காரு' என்ற சொல்லுக்காகவே அழித்தாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"இன்னைக்கும் அழிப்பேன்" என்றாள் பெரியவள். திரும்பி உட்கார்ந்தாள். "உம்புருஷனுக்கு இடம் வேணுமாம். நாள் இல்லாத புராஜெக்ட். கேட்பாரில்ல. இதுதான் முதல்ல போகும்."

'மிச்சம்' புராஜெக்டைத் தேர்ந்தெடுத்தாள். டெலீட் கொடுத்தாள். கம்ப்யூட்டர் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டது. புராஜெக்டை மட்டும் அழிக்கவா, அதிலுள்ள துண்டுகளையும் சேர்த்து அழிக்கவா? துண்டுகளையும் சேர்த்து.

"அழிங்க" என்றாள் சின்னவள், கதவைப் பிடித்துக்கொண்டு. "உங்க கையாலயே பண்ணுங்க. ஆனா வழக்கமாப் பண்ற மாதிரிப் பண்ணுங்க. ஒரு தடவ பட்டியலப் பாத்துட்டு."

அது பெரியவளின் சொந்தச் சட்டம். அழிப்பதற்கு முன் பட்டியலில் ஒவ்வொன்றின் நீளத்தையும் கண்ணால் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பாள். முழுசாக இருக்க வேண்டிய எதுவும் தவறி உள்ளே வந்திருக்கிறதா என்று. ஊசி தவறி விழுந்திருக்கிறதா என்று துணியை உதறிப் பார்க்கிற மாதிரி. கோபத்திலும் கை அந்தப் பழக்கத்தை மறக்கவில்லை. பட்டியலைத் திறந்தாள்.

இரண்டு நொடி. இரண்டு நொடி. இரண்டு நொடி. இரண்டு நொடி.

கீழே இழுத்தாள். முந்நூற்று எண்பத்தாறு துண்டு. எல்லாமே இரண்டு நொடி. சிலது ஒன்றரை. இரண்டுக்கு மேல் ஒன்று கூட இல்லை.

தையல்காரிக்குத் தன் தையல் தெரியாதா? அவர் வாய் திறந்த இடத்தில்தான் சின்னவளின் கத்தரி விழும். படத்தில் கேமராக்காரன் குரல் வரக்கூடாது, அது தொழில். வெட்டின இடத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு நொடி ஓரம் விட்டவள் இவள். அவர் பேசத் தொடங்கியது அந்த ஓரத்தில் மாட்டிக்கொண்டது. பேசி முடித்தது குப்பைக்குப் போயிற்று. "எடிட்டரம்மா, இந்த மாப்பிள்ள சி..." என்பதற்கு மேல் அவன் சிரித்தானா, சிடுசிடுத்தானா, அது முப்பதாம் நாள் இவள் கையால் போனது. அவர் முடிக்காமல் விடவில்லை. முடித்ததை இவள் அழித்திருக்கிறாள். முடிக்காமல் மிஞ்சியதும் இவள் வைத்ததுதான்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சின்னவள் கதவோரமே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க கேட்டப்போ நிஜமாவே இல்லைன்னுதான் நெனச்சேன். வெட்டாத ரா எல்லாம் போயிருச்சே. மூணு மாசம் முன்னாடி ஒரு பழைய கல்யாணத்துல பேர் மாத்தணும்னு இறக்கினேன்ல, அப்போ ஒரு துண்ட இழுத்தப்போ ஓரத்துல 'எடிட்டரம்மா'ன்னு ஒரு சத்தம். அப்புறம்தான் ஒண்ணொண்ணா இறக்கிப் பாக்க ஆரம்பிச்சேன்."

"எங்கிட்ட சொல்ல என்ன?"

"எப்படிச் சொல்ல? பாக்குறதுல எல்லாம் எடிட்டரம்மா, எடிட்டரம்மான்னு எம்பேரு. இத எடுத்துட்டு வந்து உங்க கையில குடுத்தா நீங்க என்ன நெனப்பீங்க? இப்போ நெனச்சத விட மோசமா நெனப்பீங்க. உங்களக் கூப்பிட்டது ஒண்ணாவது கிடைக்கட்டும், அதோட சேத்துக் குடுத்துருவோம்னு தேடுனேன். 'பெரியவ'ன்னோ, உங்க பேரச் சொல்லியோ, ஏதாவது ஒண்ணு. முந்நூறு டிஸ்க் பாத்தாச்சு. பாத்தத அப்பப்போ துடைச்சிருவேன், இந்த வாரம்தான் துடைக்கல."

"கிடைக்கலையா."

"கிடைக்கலக்கா."

பெரியவள் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை. "வீட்டுலயே எம்பேர சொன்னவரில்ல. மண்டபத்துல வந்தா சொல்லப் போறாரு?"

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்க மாட்டீங்களே."

"இனிமே என்ன கோவம்."

"உங்களப் பாத்தா எனக்கும் வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு. எட்டு மணி நேரம் ஹெட்போன். எம்புருஷன் எங்கிட்ட பேசினத விட மாமா பேசினதுதான் ஜாஸ்தி. ஆனா எல்லாம் வெட்டுறதுக்காகப் பேசினது. அவர் எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா, நான் மொதல்ல பண்ற வேல அத வெட்டி எறியறது. சாயந்தரமானா மாமா மேல போயிருவாரு. ஒண்ணும் பேசாம உக்காந்து சாப்பிடுவாருன்னு நீங்க சொல்லுவீங்க. பேசாம உக்காரணும்னா அது வீடுதானேக்கா. எம்மனுசன் வீட்டுலயும் மில்லு, கார்டு, இடமில்ல, இடமில்லைன்னு..."

"அவனுக்குச் சாயந்தரத்துக்குள்ள இடம் வேணும்" என்றாள் பெரியவள்.

"இதையெல்லாம் முடிச்சுருவோம். ஒரே படமா எக்ஸ்போர்ட் பண்ணா பன்னெண்டு நிமிசம்தான். இறக்கின பழசையெல்லாம் துடைச்சா இடம் வந்துரும்." சின்னவள் எழுந்து சேலைத் தூசியைத் தட்டினாள். "அதுக்குள்ள 'கழிவு'ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதையும் தூக்கிருங்க. இருமல், காத்து, காலடி, அப்புறம் யாருக்காவது லென்சு பேட்டரி குடுக்கறப்போ 'இந்தா, இந்தா'ன்னு சொல்றது. அதுல ஒண்ணும் இல்ல. நான் டீ போட்டுட்டு வரேன்."

அவள் படியேறுகிற சத்தம் தலைக்கு மேலே கேட்டது. ஒவ்வொரு படியாக.

பெரியவள் கழிவைத் திறந்தாள்.

'இந்தா' என்ற சொல்லுக்கு ஊரில் எல்லாருக்கும் 'பிடி, வாங்கிக்கொள்' என்று அர்த்தம். கட்டினவளைப் பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு வளையாத மனுஷனுக்கு அதுதான் பேர். கல்யாணமாகி மூன்றாம் நாள், பித்தான் அறுந்த சட்டையோடு கதவுக்குப் பின்னாலிருந்து "இந்தா" என்றார். ஏதோ கொடுக்கிறாராக்கும் என்று கையை நீட்டிக்கொண்டு போனாள். அவர் வெறுங்கையைப் பார்த்து இரண்டு பேரும் விழித்தார்கள். அன்றிலிருந்து அவள் பேர் அது. சின்னவளுக்கு எப்படித் தெரியும்? அது மேல் வீட்டுச் சொல். கீழே இறங்கினதே இல்லை.

'இந்தா' பதினான்கு இருந்தன. ஹெட்போனை இறுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதலாவது பேட்டரி, வெடுக்கென்று, பாதி கடித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் பின்னாலேயே "பத்திரம்" என்று வந்தது. நான்கு, ஐந்து, ஆறு. கொடுக்கிற இந்தா கீழே விழும், கல் போட்ட மாதிரி. ஒன்பதாவதில் யாரோ "தேங்க்ஸ் அண்ணே" என்றான்.

பதினொன்றாவது.

பள்ளிக்கூட விழா ஒன்று. படத்தில் காலி நாற்காலிகள். அவர் சட்டைப் பையில் போன் அடிக்கிறது, அதனால்தான் சின்னவள் அங்கே வெட்டியிருக்கிறாள். அதற்கு அந்தப் பக்கம், ஓரத்தில், கேமரா தோளிலிருந்து இறங்குகிறது. தரை. தரையில் ஒரு பழுப்பு ஷூ, அதன் மூக்கு மட்டும். கறுப்புக் கயிறு. பழுப்புக் கயிறு கடையில் கிடைக்காமல் இவள் கோத்துக் கொடுத்த கறுப்புக் கயிறு.

"இந்தாஅ... நா..."

முடிந்தது.

கடைசி எழுத்து இழுத்து, கொஞ்சம் மேலே ஏறி, கேள்வி கேட்கிற மாதிரி. பித்தான் அறுந்த சட்டையோடு கதவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி.

மறுபடி ஓட்டினாள். மறுபடி. மில்லிலிருந்து வந்த நாலு கார்டும் மேஜையில் காத்துக்கிடந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. முந்நூற்று எண்பத்தாறு அங்கே, இங்கே ஒன்று. ஆனால் அந்த முந்நூற்று எண்பத்தாறையும் ஆயிரம் பேர் நடுவில் சொல்லியிருக்கிறார், எல்லாருக்கும் கேட்க. இது ஒரு காதுக்காகச் சொன்னது.

படியில் டம்ளர் சத்தம். சின்னவள் இரண்டு தேநீரோடு வந்தாள். ஒன்றை மேஜையில் வைத்தாள்.

"கழிவு கேட்டீங்களாக்கா? ஏதாவது இருந்துச்சா அதுல?"

அவள் முகத்தில் ஆசையாகத்தான் இருந்தது. உண்மையிலேயே கிடைக்கட்டும் என்று நினைக்கிற முகம். பெரியவள் அந்த முகத்தைப் பார்த்தாள். சொன்னால் என்னாகும் என்று ஒரு நொடி யோசித்தாள். சின்னவள் துள்ளிக் குதிப்பாள். உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக் கேட்பாள். இரைச்சலை வடிகட்டி, சத்தத்தைக் கூட்டி, முந்நூற்று எண்பத்தாறோடு முந்நூற்று எண்பத்தேழாவதாக அழகாக ஒட்டுவாள். அவளுக்கும் அந்தச் சொல் தெரிந்துபோகும்.

"எதுவும் இல்ல" என்றாள் பெரியவள். "பேட்டரி குடுக்குறாரு."

"நான் சொன்னேன்ல" என்றாள் சின்னவள், வருத்தத்தோடு. டீயை எடுத்துக்கொண்டு தன் நாற்காலிக்குப் போனாள்.

அப்புறம் பெரியவள் தன் வேலையைச் செய்தாள். மிச்சத்தை எக்ஸ்போர்ட் பண்ணினாள். பன்னிரண்டு நிமிஷமும் சில நொடிகளும். ஆர்க்கைவில் போட்டபோது, ஓரம் எத்தனை நொடி விடட்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சைபர் போட்டாள். ஓரத்தையே வெட்டித் தைத்த துணி. இதற்கு மேல் விட என்ன இருக்கிறது. புது டிஸ்கில் நம்பர் ஒட்டி, நோட்டில் எடிட்டர் பேர் எழுதி, சின்னவளின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். "இந்த டிஸ்க் உன்னோடது. அலமாரிக்கு வேணாம், நீயே வெச்சுக்க." சின்னவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியவள் பிடித்த கையை எடுத்துக்கொள்ளவில்லை. அழவும் இல்லை.

கழிவிலிருந்து பதினொன்றாவதைத் தனியாக வெளியே எடுத்தது அதற்கு முன்பே முடிந்திருந்தது. பேர் என்ன வைக்க என்று கேட்டதற்கு 'பேட்டரி' என்று அடித்தாள். தன் போனுக்கு ஏற்றிக்கொண்டாள். இறக்கியிருந்த பழைய படங்களையெல்லாம், கழிவோடு சேர்த்து, துண்டுகளையும் சேர்த்து, துடைத்தாள். அந்தப் பள்ளிக்கூட விழாவின் டிஸ்க் இருநூற்றுப் பன்னிரண்டு. சின்னவள் பார்த்த டிஸ்குகளுக்கு ஒரு தாளில் டிக் போட்டு வந்திருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு நேரேயும் டிக் இருந்தது. இனி அவள் அதைத் திறக்கமாட்டாள். அலமாரியில் அதை அதனிடத்தில் நேராக அடுக்கிவைத்தாள்.

வெயில் தாழ கொழுந்தன் வந்தான். "இடம் ஆச்சா அண்ணி?"

"ஆச்சு. இறக்கிக்க."

"அதானே, சித்திரகுப்தன் மனசு வெச்சா..." என்று வழக்கம்போல் ஆரம்பித்தவன், எட்டு மாதம் கழித்து அந்தப் பேர் தன் வாயில் வந்துவிட்டதை உணர்ந்து நிறுத்தினான்.

"சொல்லு, பரவால்ல" என்றாள்.

மேலே போய், பாதியில் விட்ட வெங்காயத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே தெரு இன்னும் சூடாகவே இருந்தது. போனைக் காதில் வைத்தாள், யாரோ கூப்பிட்ட மாதிரி.

"இந்தாஅ... நா..."

"தெரியும்" என்றாள்.

'வை' என்று சொல்லவில்லை.